வலது கைக்கு ஒரு பன்றித்தொடை

எவால்டுக்கு அந்தப் பன்றித்தொடை வேண்டும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ரயில் படியில் தொற்றிக்கொண்டு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கும் இந்தச் சேற்றுக் கிராமத்துக்கு வந்திருந்தான். வீட்டில் மனைவி லேனேவுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை கவ்விக் கவ்விப் பார்த்து, அழுது, ஓய்ந்து தூங்கிப்போகிறது. "கொழுப்பு உள்ள போகணும்மா. வெறும் டர்னிப் கஞ்சி குடிச்சா பால் எங்கேருந்து ஊறும்?" என்று மருத்துவச்சி கேட்டுவிட்டுப் போனாள். போர் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியும் நகரத்தில் கொழுப்பு என்பது வாய்ப்பேச்சில்தான் இருந்தது.

கொழுப்பு இருந்த இடம் டெர்ஹோர்ஸ்ட் போன்ற பண்ணைக்காரர்களின் வீடு. அவருக்குக் கால்பந்தாட்டப் பைத்தியம். முன்பு பத்திரிகையில் படம் வந்த ஆட்டக்காரர்கள் அவருடைய மாட்டுப் புல்வெளியில் வந்து புரள வேண்டும். ஊர்ப் பையன்களிடம் இரண்டு மூன்று கோல் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அவர் மேஜையில் உட்கார்ந்து நன்றியோடு மெல்ல வேண்டும். இதற்கு ஆட்டக்காரர்களே 'கலோரி ஆட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தேசியக் கோப்பையில் அரையிறுதி வரை ஆடிய எவால்ட் இப்போது உருளைக்கிழங்குக்கு ஆடினான். அதில் அவனுக்கு வெட்கமில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு வயிற்றுப்பாடு ஒன்றும் புதிதல்ல.

வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு. அதற்கும் அவன் ஒரு பதில் தயாராக வைத்திருந்தான். போர்க்காலம் முழுக்க அவன் ஒரு விமானப்படை முகாமின் அணியில் ஆடினான். முகாம் தளபதிக்கு கோல் வேண்டும். கோல் போடுகிறவன் போர்முனைக்குப் போக வேண்டாம். ஆட்டத்துக்கு முன் நடுவட்டத்தில் வரிசையாக நின்று, விசில் ஊதியதும் வலது கையை நீட்டி ஹிட்லருக்கு வணக்கம் வைக்க வேண்டும். இடது ஓரத்தில் ஆடிய ப்ரூனோ மட்டும் ஒரு நாள் கையைத் தூக்கவில்லை.

"தோள்பட்டை வலின்னு சொல்லிடுடா," என்று ஆட்டம் முடிந்ததும் எவால்ட் கெஞ்சினான். "கையைத் தூக்கறதுல உனக்கு என்ன போகுது? கை வேற, நான் வேற. தூக்கறது கைதான், நான் இல்ல."

ப்ரூனோ காலுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். "அப்போ கையை மட்டும் ஆட அனுப்பு. நீ வீட்டுல படு."

அடுத்த வாரம் ப்ரூனோவை ரஷ்யாவுக்கு ரயில் ஏற்றினார்கள். அவன் திரும்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் எவால்ட் கோல் போட்டான், வேறு எவனோ தட்டிக் கொடுத்த பந்தில். போர் முடிந்து ப்ரூனோவின் மனைவி "நீ ஏன் கையைத் தூக்கினே?" என்று முகத்துக்கு நேரே கேட்டபோதும் அதே பதிலைத்தான் சொன்னான். கட்டாயத்துக்குத் தூக்கிய கை அது, தான் தூக்கியதல்ல. அவள் கதவைச் சாத்தினாள். அந்தப் பதிலை நம்பித்தான் அவன் இரவில் தூங்கினான்.

இப்போது டெர்ஹோர்ஸ்டின் புல்வெளியில் அணி நடுவட்டத்தில் வரிசையாக நின்றது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் கொழுத்த கன்னங்களோடு ஊரே கூடியிருந்தது. கிழட்டு நடுவர் விசிலை நீளமாக ஊதினார்.

எவால்டின் கை எழுந்தது.

யாரும் சொல்லவில்லை. எந்தத் தளபதியும் பார்க்கவில்லை. அவன் பன்றித்தொடையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். விரல்கள் சேர்ந்து, முழங்கை விறைத்து, கை அழகாகக் கண்மட்டத்துக்கு வந்து நின்றது. பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்த பிறகுதான் அவனே அதைப் பார்த்தான்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு அங்கே ஒரு கை எழுந்தது. இன்னொன்று எழுந்தது. பெண்கள்கூடத் தூக்கினார்கள், கல்யாண வீட்டில் பழைய சொந்தத்தைப் பார்த்துவிட்ட மாதிரி முகமெல்லாம் மலர்ந்து.

கோல்காப்பாளன் அல்ஃபோன்ஸ் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்துக் கையை இறக்கினான். "பைத்தியமாடா உனக்கு? இப்போ நம்மளை ஆள்ற இங்கிலீஷ்காரன் பார்த்தா கிளப்பையே இழுத்து மூடிடுவான்!"

அன்றைக்கு எவால்ட் நான்கு கோல் போட்டான். கால் தன்பாட்டுக்கு ஓடியது.

விருந்தில் கிழங்குக்கு மேல் பன்றிக்கொழுப்பு உருகி ஓடியது. பட்டினி கிடந்த நகரத்துக்காரர்கள் கிழங்குக்கு மாற்றாகக் கொண்டுவந்து கொட்டிய கம்பளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் கிடந்தன. எவர் வீட்டுப் பியானோவோ, அதன்மேல் தொத்திறைச்சி அடுக்கியிருந்தது. டெர்ஹோர்ஸ்ட் தாடையில் வழிந்த கொழுப்பைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தார். எவால்டின் முன் ஒரு பன்றித்தொடையை வைத்தார்.

"இது ஆட்டத்துக்கு." குனிந்து இன்னொன்றை எடுத்தார். "இது அந்தக் கைக்கு. எவ்வளவு நாளாச்சு தம்பி, அப்படி நேரா ஒரு கையைப் பார்த்து! என் வீட்டுக்காரிக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அதை எடுத்து அந்த மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். சொரணையுள்ளவன் எறிந்திருப்பான். எவால்ட் வாங்கிக்கொண்டான், வலது கையாலேயே. "ரொம்ப நன்றிங்க" என்றும் சொன்னான்.

திரும்பும் ரயிலில் எல்லாருடைய கண்ணும் அவன் மூட்டைமேல்தான் இருந்தது. "அடுத்த ஊர்ல பதினோரு பேருமே தூக்கிடுவோம்டா! ஆளுக்கு ரெண்டு தொடை!" என்றான் அல்ஃபோன்ஸ், கையில் ஓங்கி அடித்த அதே அல்ஃபோன்ஸ். பெட்டியே சிரித்தது. கூடச் சேர்ந்து சிரிக்கும் தன் குரலும் எவால்டுக்குக் கேட்டது.

வீட்டில் லேனே அடுப்பில் சட்டியை வைத்து இறைச்சியை அரிந்து போட்டாள். வாசனை எழுந்ததுமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒண்ணுதான் தருவாங்கன்னு சொன்னே. ரெண்டு எப்படி?"

"ஒண்ணு ஆட்டத்துக்கு. ஒண்ணு கைக்கு."

"கைக்கா? ஐயோ, அடிபட்டுச்சா? எங்கே, காட்டு." அவள் அவன் வலது கையைப் பிடித்து இழுத்து, விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். "ஒண்ணும் ஆகலியே?"

"இல்ல," என்றான் எவால்ட். "அது நல்லாத்தான் இருக்கு."

அவள் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஊதி, அந்தக் கையிலேயே வைத்தாள். அவன் தின்றான். ருசியாக இருந்தது. மென்று விழுங்கிவிட்டு, இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினான்.