துட்டி வீட்டில் பாஸ் கேட்டவர்

வள்ளிமயிலின் அப்பா கொம்பையா கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அதன் வாசலில் அவள் புருஷன் செண்பகராஜ்தான் செக்யூரிட்டி. மருமகனே வாசலில் இருக்கிறார், இனி என்ன கவலை என்று நாகலாபுரத்துச் சொந்தங்கள் தெம்பாக இருந்தார்கள்.

மாற்று ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டதால் பகலும் இரவும் செண்பகராஜே பார்த்தார். பாஸ் இல்லாத ஒருவரை உள்ளே விட்டதற்குச் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் ஏசியிருந்தார்.

அன்று வள்ளிமயில் கஞ்சித் தூக்கோடு வந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது.

"நாலு மணிக்கு வா வள்ளி."

"எங்கப்பாவப் பாக்க எனக்கென்ன பாஸு?"

"மேல கேமரா பாக்குது. சொன்னாக் கேளு."

வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். நாலு மணிக்கு மாடியேறியபோது கொம்பையாவின் முகத்தை மூடியிருந்தார்கள். தூக்கைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தாள். வாசலில் நின்ற புருஷனின் முகத்தைப் பாராமலே கடந்து போனாள்.

டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு, சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு வந்த செண்பகராஜ் உள்ளே போகாமல் பந்தல் முகப்பில் நின்றுகொண்டார். விளாத்திகுளத்திலிருந்து சீனித்தாய் அத்தை ஒப்பாரி வைத்தபடி வந்தாள். அவர் கையை நீட்டி மறித்தார்.

"பாஸ் இருக்கா?"

அத்தையின் ஒப்பாரி நின்றது. "பாஸு எதுக்கு மருமவனே? எங்கண்ணன் எந்திரிச்சு ஓடிருவான்னா?"

பந்தலே சிரித்தது. "அண்ணாச்சிக்குச் சரக்கு ஏறிட்டு" என்றார் ஒருவர். செண்பகராஜ் குடித்ததே கிடையாது. அடுத்து வந்தவர்களையும் மறித்தார்.

"ஒருத்தர் ஒருத்தரா போங்க. நோயாளி தூங்குதாக."

அப்பாவின் தலைமாட்டில் இருந்த வள்ளிமயில் அப்போதுதான் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. எழுந்து போய்க் கையைப் பிடித்தாள்.

"மணி நாலாயிட்டா?" என்று கேட்டார்.

"ஆயிட்டு. உள்ள வாங்க."

வந்து மாமனாரின் கால்மாட்டில் உட்கார்ந்தவர், சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். பாடைத் தேர் கட்டிப் பிணத்தைத் தூக்கும்போதுகூட எழவில்லை. மருமகன் செய்ய வேண்டியதை வேறொருவர் செய்தார். ஊர் அதையும் பேசியது. எழுப்ப வேண்டாம் என்று வள்ளிமயில் சொல்லிவிட்டாள்.

காரியம் முடிந்ததும் மனநல டாக்டரிடம் காட்ட அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அந்த வாசலிலும் ஒரு செக்யூரிட்டி இருந்தார்.

"ஒரு ஆள்தான் போகலாம். நோயாளி யாரு?"

செண்பகராஜ் சட்டென்று விலகி அவளுக்கு வழிவிட்டார்.

"நான் இல்லண்ணாச்சி. அவிய" என்று புருஷனைக் காட்டினாள்.

அந்த ஆள் செண்பகராஜின் நீலப் பேண்டையும் பூட்ஸையும் பார்த்தார். "எங்கன டூட்டி அண்ணாச்சி?" செண்பகராஜ் பூட்ஸ் காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். "சரி, ரெண்டு பேரும் போங்க."

செண்பகராஜ் நகரவில்லை. வாசலுக்கு மேலிருந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஓடாது அண்ணாச்சி. சும்மா மாட்டியிருக்காக. போங்க."

வள்ளிமயில் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.