இயக்குநருக்கு எந்த ந?

கலைத் துறை இயக்குநரின் நாற்காலி ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் மாடியிலிருந்து தானாக இறங்கி, சாலையோரமாக உருண்டு வந்து, பழைய அச்சகக் கட்டடத்தில் இயங்கிய நாடகக் கூடத்தின் வாசலில் நின்றது. படியில் எப்படி இறங்கியது என்று பலரும் கேட்டார்கள். அதில் சிரமம் ஒன்றுமில்லை. அடியில் நட்சத்திரம்போல விரிந்த ஐந்து கால்கள், காலுக்கொரு சக்கரம். இரண்டு சக்கரம் ஒரு படியைப் பிடித்துக்கொள்ள, மற்ற மூன்றும் அடுத்த படியைத் தேடும். பக்கவாட்டில் இறங்கினால் கவிழாது. சாய்மானத்தின் பின்புறம் ‘இயக்குநர்’ என்று பெயர்ப்பலகை இருந்ததால் சந்திப்பில் நின்ற போக்குவரத்துக் காவலர் மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

அந்தக் கூடத்தில் நாடகம் இயக்கியவள் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். குழுவில் எல்லாரும் அவளை அக்கா என்பார்கள். செவிலி, பேருந்து நடத்துநர், மின்பணியாளர் என்று வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள்தான் நடிகர்கள். அவர்களை வைத்து நாடகம் இயக்குவது எப்படி என்றால், முதலில் யாரும் நடிக்கக் கூடாது. நிற்க மட்டும் வேண்டும். கண்ணாடிக் கடையில் கேட்பதுபோலவே, “இப்படி நிக்கிறது தெளிவா இருக்கா, அப்படியா?” என்று ஒவ்வொரு ஆளாக அரையடி நகர்த்திக்கொண்டே போவாள். எல்லாரும் சரியான இடத்தில் நின்றதும் வசனம் தானாக நிஜமாகிவிடும். இதில் தொல்லை என்னவென்றால், வேலை நன்றாக முடிந்தால் வேலை செய்தவள் கண்ணுக்கே தெரியமாட்டாள். அண்ணி வாரம் ஒருமுறையாவது கேட்பாள்: “அவங்க நடிக்கிறாங்க, இவரு லைட் போடறாரு. நீ நடுவுல என்னத்தம்மா பண்ற?”

அந்த வருடம் கடை முதலாளி ஒரு கெடு வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து சாயங்காலமும் கடையில் இருக்க வேண்டும். முடியாதென்றால் வேறு ஆள். ஒத்திகை சாயங்காலத்தில்தான். அப்போதுதான் கலைத் துறை, அக்கம்பக்கத்து நாடகக் குழுக்களின் இயக்குநர்களுக்கு ஒரு வருட நிதியுதவி என்று அறிவித்தது. நடிகருக்கல்ல, கூடத்துக்கல்ல, இயக்குநருக்கே. அவள் அன்றைக்கே விண்ணப்பித்தாள். பதில் வர வெகு நாளாயிற்று. கெடுவை நீட்டச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சிக்கெஞ்சி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வந்த பதில் ஒரு வரி. திட்டம் ‘இயக்குநர்’களுக்கானது, தாங்கள் ‘இயக்குனர்’ என்று குறிப்பிட்டுள்ளீர்கள், எனவே தகுதியில்லை.

அவள் அலுவலகத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி விளக்கினார். “நீங்க ரெண்டு சுழி ன போட்டிருக்கீங்க. திட்டத்துல தந்நகரம்.”

“ரெண்டும் ஒன்னுதானே சார்?”

“வாயில ஒன்னு. கோப்புல வேற வேற.”

அங்கேயே திருத்திக் கொடுத்தாள். அவர் வாங்கிப் பார்த்தார். “இப்ப எல்லாம் சரியா இருக்கு. இயக்குநர் கையெழுத்துதான் பாக்கி.”

“அவர் எப்ப வருவாரு?”

“போட்டா வருவாரு. பதவி காலியா இருக்கு.”

“யாரு போடணும்?”

“அது மேல.”

மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. பொறுப்பு அதிகாரி ஒருவர் இருந்தார். ஆனால் பொறுப்பு என்பது பழைய முடிவுகளைக் காப்பாற்றத்தான், புது முடிவு எடுக்க அல்ல. அதனால் நகரத்திலிருந்த அத்தனை நாடகக்காரர்களின் விண்ணப்பமும் அந்தக் காலி நாற்காலியின் முன்னால் குவிந்து கிடந்தது.

அவள் திருத்திக் கொடுத்த மறுநாள்தான் நாற்காலி கிளம்பியது. வருடக்கணக்காக ஆளில்லாமல் இருந்த ஒரு நாற்காலி, தன் பெயரைச் சரியான எழுத்தில் போட்டுக்கொண்ட ஒருத்தியைத் தேடி வந்ததில் பெரிய புதிர் இல்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறையும் அவளுக்கு முன்னாலேயே கூடத்துக்கு வந்து சேர்ந்தது. மூன்றாம் முறை அலுப்பில் அதில் உட்கார்ந்தாள். அன்று மத்தியானமே கோப்புகளைச் சுமந்துகொண்டு கண்காணிப்பாளரும் எழுத்தர்களும் தட்டச்சரும் வந்துவிட்டார்கள். இயக்குநர் இருக்குமிடம்தான் இயக்குநரகம் என்று விதி இருக்கிறது.

எல்லாருடைய விண்ணப்பத்திலும் அவள் கையெழுத்துப் போட்டாள். நகரத்தின் நாடகக்காரர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு ஒத்திகைக்குப் போனார்கள். தன்னுடையதை எடுத்தபோது கண்காணிப்பாளர் அவள் கையைப் பிடிக்காத குறை.

“மேடம், துறைத் தலைவர் துறைக்கிட்டயே உதவி வாங்க முடியாது.”

“அப்ப நான் ரெண்டு சுழி போட்டுக்கறேன்.”

“போட்டா நாற்காலி போயிடும். அப்புறம் யார் கையெழுத்துப் போடுவா? தவிர, ரெண்டு சுழிக்குத் திட்டமே இல்லையே.”

“துறைத் தலைவருக்குச் சம்பளம் உண்டுல்ல?”

“நியமன ஆணை இருந்தா உண்டு. உங்கள நாற்காலிதானே நியமிச்சுது.”

அவள் அழவில்லை. கத்தினாள். கூடத்துக் கூரையின் தகடுகள் அதிர்ந்தன. கத்தி முடித்ததும், வாசலை மறித்து நின்ற எழுத்தர்களைப் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் இப்படி நிக்கிறது தெளிவாவே இல்ல,” என்று அரையடி நகர்த்தினாள். அலுவலக நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்து. அவ்வளவு நேர ஒத்திகை எந்தக் குழுவுக்கும் வாய்த்ததில்லை. இயக்குநர் சொன்னால் ஊழியர் செய்ய வேண்டும். தட்டச்சருக்கு ராணி வேடம் பொருந்தியது. கண்காணிப்பாளர் பிணமாக நடித்தார். அவ்வளவு நம்பகமாக அசையாமல் கிடக்க வேறு யாராலும் முடியவில்லை. ஊழியர் எல்லாருக்கும் மாதம் தவறாமல் சம்பளம் வந்தது. கண்ணாடிக் கடையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டது.

அண்ணி தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள். “செத்தவனுக்குக்கூடச் சம்பளம் வருது. உனக்கு?” என்று கேட்டபடியே டப்பாவைத் திறந்து வைப்பாள். பதில் தெரிந்தும் கேட்பதை அவள் நிறுத்தவில்லை. அக்காவும் மாதாமாதம் மேலிடத்துக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. பதிலெல்லாம் ‘இயக்குநருக்கு’ என்று முகவரியிட்டு வரும். உள்ளே, தங்கள் கடிதத்தின் மேல் இயக்குநர் தக்க முடிவெடுப்பார் என்று இருக்கும்.

இப்படியே பல வருடங்கள் போயின. மனு கொடுக்க வருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்ப்பது வழக்கமாயிற்று. ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் ராணி செத்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று கைதட்டிவிட்டு, பக்கத்திலிருந்த செவிலியிடம் மெதுவாகக் கேட்டார்: “அது சரி, இந்த ஆபீஸ்ல இயக்குநர் யாரும்மா? யாரையும் காணோமே.”

“அப்படித் தெரியாம இருந்தாத்தான் நல்லா இயக்கறாங்கன்னு அர்த்தம்,” என்றாள் செவிலி. அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த காட்சிக்கு உட்கார்ந்தார்.