பூச்சி வந்த வழி

1

இது கடிதமாகப் பிறந்திருக்க வேண்டியது. கடிதம் எழுதித் தரச் சொல்லி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நான் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். ஒப்புக்கொண்டாயிற்று, இனிக் கூச்சப்பட மாட்டேன்.

வந்தவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். சட்டம் நேராக நிற்கிறதா என்று பார்க்க, உள்ளே குமிழி ஓடும் ஒரு கருவி வைத்திருப்பார். அதை ஜன்னலோடு நிறுத்தாமல், விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேசைமேலும் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

"அக்கா, என் சம்சாரத்துக்கு ரெண்டே வரி போதும். 'வீட்ல பூச்சி இல்ல, கிளம்பி வா.' அவ்வளவுதான்."

"இதுக்கு நான் எதுக்கு? போன்ல சொல்லலாமே."

"சொன்னேன். 'நீங்க வாயால சொல்றத மறுநாளே நான் எப்ப சொன்னேன்னு கேப்பீங்க, எழுதிக் குடுங்க'ன்னுட்டா. அவங்க அண்ணன் வீட்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பாளாம். இல்லன்னா வேலை பாக்குற இடத்துக்குப் பக்கத்துல தனியா ரூம் எடுத்துக்கிறாளாம்."

அன்று வெள்ளிக்கிழமை. தெருவிளக்கு எரியாவிட்டால் நகராட்சிக்கு எழுதுகிறவள் நான். என் கடிதங்களுக்குப் பதில் வரும். அந்த நம்பிக்கையில் வந்திருந்தார்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "குளிர் தொடங்கிய வாரத்தில் ஏழு ஜன்னல்களையும் மொய்த்துக் கறுப்பாக்கிய..."

பொய். அத்தனை பூச்சி வரவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "நாற்றப் பூச்சி விரல்நகம் அளவு இருக்கும். பழுப்பு நிறம். முதுகில் கேடயம் கவிழ்த்தது போன்ற ஓடு..."

பள்ளிக்கூட வாசனை அடிக்கிறது. இருந்தாலும் இதில் சில வரிகள் கதைக்கு வேண்டும், ஆகையால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது கடிக்காது. துணியை அரிக்காது. வீட்டுக்குள் முட்டை இடாது. வெளியே குளிர ஆரம்பித்ததும் ஒதுங்க இடம் தேடி, கிடைத்த இடுக்கில் நுழைகிறது. நசுக்கினாலோ மிரட்டினாலோதான் வினை: அழுகிய கொத்தமல்லிக்கட்டை முகத்தில் வீசியது போல ஒரு நாற்றம். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டிவிட்டால் பெரும்பாலும் நாற்றமில்லாமல் முடிந்துவிடும்.*

* இதையெல்லாம் ரசமட்டத்தின் மனைவி முதல் வாரத்திலேயே படித்துத் தெரிந்துகொண்டாள். (கணவரை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் எழுதுகிறேன். கை அப்படிப் பழகிவிட்டது. கதை முடிவதற்குள் நீங்களே அவளுக்கு மரியாதை கொடுத்துவிடுவீர்கள் என்பதால் மாற்றவில்லை.)

மூன்றாவது தொடக்கம் தேறியது. அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருக்கிறார். அவள் குனிகிறாள். அவள் சட்டைக் கையிலிருந்து ஒரு பூச்சி நிதானமாக இறங்கி, அவர் மார்பில் விரித்த நீலத்துணிமேல் நடக்கிறது. வாய்க்குள் குழாய் இருந்ததால் அவரால் கத்த முடியவில்லை, கண்ணால் கத்தினார். மருத்துவர் பதறிப்போய்த் தட்டால் ஓங்கி ஒரு போடு போட்டார். அதன்பிறகு அந்த அறையில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"வீட்ட சரி பண்ணிட்டு வாம்மா" என்றார் மருத்துவர்.

3

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. பூச்சிக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள்? அதுவும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு அறை அறையாகச் சுற்றியவள்? கதாபாத்திரம் ஒட்டவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"தம்பி, எதையோ விழுங்குறீங்க."

"நான் என்னக்கா விழுங்கினேன்? என் பங்குக்கு ராத்திரி பகல் பாக்காம வேலை செஞ்சேன். ஏழு ஜன்னலுக்கும் உள்பக்கமா சிலிக்கான் பசை பூசினேன். இனி காத்து நுழையாது. முன்னூறு ஜன்னல் மாட்டின கை இது."

"பூச்சி நின்னுச்சா?"

"கூடிச்சு."

ஜன்னல் என்றால் அவருக்கு உயிர். வீட்டுக்குள் எது வந்தாலும் ஜன்னல் வழியாகத்தான் வர முடியும் என்பது அவர் தொழில் கொடுத்த நம்பிக்கை. அதனால் ஏழையும் திறக்கவே முடியாதபடி ஒட்டிவிட்டார். ஏற்கெனவே உள்ளே வந்தவை சுவரோரம் உலாத்தின; வெளியே விரட்டக்கூட ஒரு ஜன்னல் மிச்சமில்லை.

"நல்லா இருக்கு. விருந்தாளிய உள்ள வச்சுப் பூட்டிட்டீங்க" என்றாளாம் மனைவி. அப்போதுகூட அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் என்கிறார்.

அப்படியானால் எப்போது சிரிப்பு நின்றது?

4

அரைமணி நேரம் ஆயிற்று அவர் வாயிலிருந்து அதை எடுக்க.

மருத்துவர் "மேல் வரிசை, ஆறு, ஓட்டை" என்று சொல்லச் சொல்ல, அச்சடித்த பற்களின் படத்தில் புள்ளி வைப்பது அவளுடைய அன்றாட வேலை. அதே பழக்கத்தில் வீட்டையும் ஒரு தாளில் வரைந்தாள். சமையலறை, படுக்கையறை, குளியலறை, ஏழு ஜன்னல்கள். பூச்சியைப் பார்த்த இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி. ஒன்பது நாள். ஜன்னல்களுக்குப் பக்கத்தில் மூன்றே புள்ளிகள்தான் விழுந்தன. குளியலறைச் சுவரை ஒட்டி எண்ண முடியாத அளவுக்கு.

அவர் நாற்காலிமேல் நின்று ஏழாவது ஜன்னலுக்கு இரண்டாவது பூச்சு போட்டுக்கொண்டிருந்தபோது அதைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"என்னங்க, இதப் பாருங்க. அந்தச் சுவர்லதான் எங்கயோ வழி இருக்கு. வெளிப்பக்கம் போய்—"

அவர் ஒரு கையை நீட்டித் தாளை வாங்கினார். விரலில் வழிந்த சிலிக்கானை அதில் துடைத்தார். திருப்பிக் கொடுத்தார்.

(இந்த இடத்தில் அவள் முகத்தை வர்ணித்து ஒரு பத்தி எழுதினேன். வேண்டாம். நீங்கள் நீட்டிய எதிலாவது யாராவது அப்படிக் கை துடைத்திருப்பார்கள்.)

"வேணும்னு செய்யலக்கா. கைல பிசின், கண்ணு முன்னாடி பேப்பர். வேலை நேரத்துல எல்லா பேப்பரும் தொடைக்கிற பேப்பர்தான் எனக்கு."

"அப்ப அவ என்ன சொன்னா?"

"நேரா போய் பேக் எடுத்தா."

என் கதாபாத்திரம் ஒட்டிக்கொண்டது.

5

அவள் போன மறுநாள் அவர் அந்தத் தாளைத் தேடி எடுத்தார். பிசின் காய்ந்து பாதி மறைத்திருந்தது. மிச்சப் பாதியே போதுமானதாக இருந்தது. ஏணி போட்டு வெளிச்சுவரில் ஏறினார். குளியலறைக் காற்றை வெளியே தள்ளும் காற்றாடிக்குப் பின்னால் வலை இல்லை. அதன் பக்கத்தில் குழாய் போகும் துளை, குழாயைவிட இரண்டு விரல் அகலம். துளை போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. அவரே மோவாயைத் தடவிக்கொண்டார்.

வலை அடித்தார். துளையை அடைத்தார். ஜன்னல்களைக் கீறித் திறந்து, உள்ளே எஞ்சியவற்றை அவள் வைத்துவிட்டுப் போன கிண்ணத்தில் பிடித்து முடித்தார். பத்து நாளாக ஒன்றுகூட இல்லை.

"இப்ப எழுதுங்க. 'நான் வழியக் கண்டுபிடிச்சு அடைச்சிட்டேன்.'"

"கண்டுபிடிச்சது யாரு?"

"அது... பேப்பர்ல இருந்துச்சு."

"பேப்பர் தானாவே புள்ளி வச்சுக்கிச்சா?"

"என்னக்கா, நீங்களும் அவ மாதிரியே கேக்குறீங்க."

6

முடிவுகள் கைவசம் இரண்டு இருந்தன.

அ) கடிதம் போகிறது. அவள் சனிக்கிழமையே வந்து, சட்டைக் கையை உதறிப் பார்த்து, சிரித்து—

ஆ) கடிதம் போகிறது. அவள் படித்துவிட்டு, மடித்து, ரூம் பார்க்கக் கிளம்பி—

இரண்டையும் நிறுத்திவிட்டேன். எந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்று தெரியாமல் அவளை எங்கேயும் அனுப்ப எனக்கு உரிமையில்லை. அதனால் கடிதத்தை எழுதினேன். இதோ:

"பூச்சி வந்த வழி தெரிந்துவிட்டது. குளியலறைச் சுவர்தான். வெளிப்பக்கத்திலிருந்து அடைத்திருக்கிறேன். ஜன்னல்கள் மறுபடி திறக்கின்றன. பத்து நாளாக ஒரு பூச்சியும் இல்லை. இந்த வழியைக் கண்டுபிடித்தது"

அங்கே நிறுத்தி, கீழே அரைப்பக்கம் வெறுமையாக விட்டேன்.

"முடிக்கலயே அக்கா?"

"மிச்சத்த நீங்க எழுதணும்."

"உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு. நீங்களே போட்டுடுங்க."

"அவ எழுதிக் கேட்டது உங்ககிட்ட."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். காகிதத்தை மேசையின் விளிம்புக்கு நேராக வைத்தார். மறுபடி நகர்த்தி இன்னும் நேராக வைத்தார். பேனா முனை காகிதத்தைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் இருக்கும்வரை என் முகத்தைப் பார்த்துத்தான் எழுதுவார்; எனக்குப் பிடிக்கும்படி எழுதிவிடுவார். அது அவளுக்கு உதவாது. ஆகவே எழுந்து அடுத்த அறைக்குப் போகிறேன். கதவையும் சாத்திக்கொள்கிறேன்.

நீங்கள் இருங்கள். உங்களை அவருக்குத் தெரியாது. காகிதத்தை எட்டிப் பார்க்க வேண்டாம், அது அவளுக்கானது. பேனா ஓடும் சத்தத்தை மட்டும் கேளுங்கள். ஒரு சொல் எழுதும் நேரத்தில் நிற்கிறதா, அல்லது இன்னும் ஓடுகிறதா?