பதினோரு நிமிஷ மண்வாசனை

ஆனந்தவள்ளியை வேலையில் வைத்திருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடிய கூட்டத்தில், அவளையும் சேர்த்து நான்கு பேர். மின்விசிறிக்கு நேர் கீழே தாளாளர் ரத்தினவேல். அவருக்கு வலப்பக்கம் தலைமையாசிரியை பிரேமலதா. ஜன்னலோரம் விளையாட்டு ஆசிரியர் ஜாவித். கதவை ஒட்டிய ஸ்டூலில் நோட்டோடு ஆனந்தவள்ளி. அந்த ஸ்ரீரங்கத்துப் பள்ளியின் கடிதங்களை ஒன்பது வருஷமாக எழுதுகிறவள் அவள்தான் என்பதால், அவளை நீக்குவதானால் அந்தக் கடிதத்தையும் அவளே எழுத வேண்டியிருக்கும். மூன்று பத்துக்கு, வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே, அறையில் மண்வாசனை எழுந்தது.

வலிப்பு வருமுன் சிலருக்கு ஏதோ ஒரு வாசனை மூக்குக்குள் மட்டும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடையது தெருவுக்கே வந்தது. அது கிளம்பினால் அக்கம்பக்கத்தார் வடாம் தட்டுகளை உள்ளே எடுப்பார்கள்; சரியாகப் பதினோரு நிமிஷத்தில், மழைக்குப் பதில் அவள் விழுவாள். சரியான மாத்திரை அமைந்தபின் இரண்டு வருஷம் வாசனையே இல்லை. அந்தத் தைரியத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு ஊரோடு சேர்ந்து பட்டினி கிடந்து கண்விழித்தாள். வெறும் வயிற்றில் எதற்கென்று இரண்டு வேளை மாத்திரையையும் விட்டாள். மறுநாள் காலை பள்ளி இறைவணக்கத்தில் விழுந்தவளின் கையில் யாரோ இரும்புச் சாவியைத் திணிக்க, உள்ளங்கையில் மூன்று தையல். அதன்பின் மாத்திரை தவறவில்லை. வேலைக் கவலையில் தூக்கம்தான் தவறியது.

"பதினோரு நிமிஷம் இருக்குங்க ஐயா. நாற்காலிய மட்டும் ஒதுக்கிடுங்க" என்றாள், நேரத்தைக் குறித்துக்கொண்டே.

"ராத்திரி தூங்கலையா வள்ளி?" என்றார் பிரேமலதா.

"நீங்க கூட்டம் போட்டா எப்படி டீச்சர் தூக்கம் வரும்?"

பல வருஷமாகச் சொல்லிச் சலித்ததை மறுபடி சொன்னாள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், கையிலும் வாயிலும் ஒன்றும் வேண்டாம், ஐந்து நிமிஷம் தாண்டினால் நூற்றெட்டைக் கூப்பிடுங்கள். சொல்லிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டாள்.

மூன்று இருபத்தொன்றுக்கு வலிப்பு வந்தது. ரத்தினவேலின் கை தானாக இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போய்த் திரும்பி, தோள்துண்டை மடித்து அவள் தலைக்கடியில் வைத்தது. அடங்கியதும் ஜாவித் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி என்றார்.

"பிள்ளைங்க பயந்திருக்குமே" என்றார் ரத்தினவேல்.

"சைக்கிளையெல்லாம் ஷெட்டுக்குள்ள நகர்த்திட்டு பாடத்துக்குப் போயிட்டாங்க சார். நமக்குத்தான் கூட்டம் தேவைப்படுது" என்றார் ஜாவித், ஜன்னல் வழியே பார்த்தபடி.

ரத்தினவேல் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து பீரோவுக்குள் வைத்தார். நாலரை மணிக்கு, எழுந்து உட்கார்ந்து காபி குடித்தவளிடம் கடிதத்தைச் சொல்லத் தொடங்கினார்: பணியில் தொடரலாம், மண்வாசனை வந்தால் நாற்காலிகளை ஒதுக்க வேண்டும், சாவிகள் பீரோவில் இருக்க வேண்டும்.

"ஐயா, 'உடல்நலக் குறைவு'ன்னு போடவா, 'வலிப்பு'ன்னு போடவா?"

"வலிப்புன்னே போடும்மா. அதுக்கென்ன."

வழக்கப்படி நகலெடுத்து, முத்திரை குத்தி, உறையில் தன் பெயரையும் மேலூர் ரோடு விலாசத்தையும் எழுதி ஒட்டினாள். துணைக்கு வந்த பிரேமலதாவோடு தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீடு போஸ்ட்டில் கொடுத்தாள். தபால்காரர் வரும்போது கையெழுத்துப் போட அவள் வீட்டில் இருக்க மாட்டாள், வேலைக்குப் போயிருப்பாள்.