கிருஷ்ணவேணி எழுதிக் கொடுத்தது

2003 ஐப்பசியில் பருத்தி விதைப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஏட்டு சோலைமுத்து இடைசெவலில் கிருஷ்ணவேணியின் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஒரு போட்டோ. தாடியும் ஒட்டிய கன்னமுமாக இருந்தாலும் அது அவள் புருஷன் வன்னியபெருமாள்தான்.

ஏஜெண்ட் ஒருவர் மூலம் ஜெர்மனி போனவன் அவன். அங்கே பாஸ்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, யாழ்ப்பாணத்து ஆள் என்று சொல்லி அடைக்கலம் கேட்டான். பேச்சை வைத்தே சந்தேகப்பட்ட அந்நாட்டு அதிகாரிகள், இந்தியன் என்று உறுதியானதும் திருப்பி அனுப்பலாம் என அடைத்து வைத்திருந்தார்கள். சட்டைக் காலரில் கோவில்பட்டித் தையற்கடையின் பெயர் இருந்தது. அந்தத் துப்புதான் டெல்லி வழியாக ஏட்டிடம் வந்து சேர்ந்திருந்தது. தையற்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து அவர் இந்த வீட்டுக்கு வந்தார்.

"இவரு ஒன் வீட்டுக்காரராம்மா? நல்லாப் பாத்துச் சொல்லு."

முந்தின வாரம்தான் அவன் போனில் சொல்லியிருந்தான். "யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிரு. பதினெட்டு மாசத்துக்கு மேல அடைச்சு வைக்கக் கூடாதாம். அப்புறம் விட்டுருவாவ."

"இது அவிய இல்ல ஏட்டையா. அவிய துபாய்ல இருக்காவ" என்றாள்.

ஏட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போடு."

போட்டாள்.

ஏழு மாதம் கழித்து மறுபடி போன் வந்தது. குரலை வைத்து அவனென்று நம்பவே முடியவில்லை. "என்னால ஏலல வேணி. செவுத்தோட பேச ஆரம்பிச்சிட்டேன். எம் புருஷன்தான்னு சொல்லிரு. ஊருக்கே வந்திருதேன்."

மறுநாள் ரேஷன் கார்டையும் கல்யாணப் போட்டோவையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். சோலைமுத்து போட்டோவைத் தொடவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா. ஆனா நீ எழுதிக் குடுத்ததுதான் மேல போச்சு. இவரு நம்ம நாட்டு ஆளு இல்லைன்னு பதிலும் போயாச்சு. அந்த நாட்டுக்காரன் திரும்பக் கேட்டாத்தான் நாங்க விசாரிக்க முடியும்."

"அவியளே இப்ப இந்தியான்னு சொல்லுதாவளே."

"மொதல்ல யாழ்ப்பாணம்னாரு. இப்ப இந்தியான்னா எதை நம்புவான்? நீ பொய் எழுதுனதுக்குக் கேஸே போடலாம். நான் போடல. வீட்டுக்குப் போ."

அவள் விடவில்லை. கலெக்டருக்கு எழுதினாள், டெல்லிக்கு எழுதினாள். வந்த பதில் ஒன்றே ஒன்று. ஏற்கெனவே விசாரித்து முடிக்கப்பட்டது என்றிருந்தது.

பதினெட்டாம் மாதம் அவனை வெளியே விட்டார்கள். தற்காலிகமாகத் தங்கலாம் என்று கையில் ஒரு தாள் மட்டும் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கக் கூடாது, அந்த ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"எப்ப வருவிய?" என்று எஸ்.டி.டி. பூத்தில் நின்று கேட்டாள்.

"வரதுக்குப் பாஸ்போர்ட் வேணும்லா. நம்ம எம்பசில, நீ இந்தியன்னு யாரு சொன்னதுன்னு கேக்காவ."

"நான் சொல்லுதேன். நான் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

லைன் துண்டாகும் வரை அவள் ரிசீவரை வைக்கவில்லை.