இன்பாஸின் தலை

கிண்ணியாப் பக்கம் உதைபந்தாட்டம் பார்ப்பவர்கள் எவருக்கும் குறிஞ்சாக்கேணி இன்பாஸைத் தெரியும். கால் வேலை சுமார்தான். ஆனால் பந்து உயரத்தில் வந்தால் அவனைப்போல் எழும்பித் தலையால் அடிக்க இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. பள்ளிக்கூட அணியிலிருந்து திருகோணமலைக் கழகத்துக்கும், அங்கிருந்து கொழும்புக்கும், பிறகு மாலைதீவுக்கும் அவனைக் கொண்டுபோனது அந்தத் தலைதான். ஒரு தடவை நாட்டின் சட்டையையும் போட்டிருக்கிறான்.

அந்தத் தலையை நினைத்துத்தான் இப்போது அவன் மனைவி ஹுஸ்னியாவுக்கு உறக்கம் கெட்டது. போன வருடம் மாலைதீவில் எதிரணிக்காரன் ஒருவனோடு தலை மோதி, மைதானத்திலேயே நினைவு தப்பி விழுந்தான். ஊருக்கு வந்து பயிற்சி எடுக்கும்போது மறுபடியும் ஓர் அடி. அதன் பிறகு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று பகலிலும் யன்னலைச் சாத்திவைத்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சோறு ஆகவில்லையா என்று கேட்டான். இன்னுமொரு அடி படவே கூடாது என்று டொக்டர் கண்டித்துச் சொன்னார். அதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாதென்று இன்பாஸ் அவளிடம் சத்தியம் வாங்கினான்.

அப்படியிருக்கத்தான் மூதூர் அபூதாஹிர் வந்தார். விளையாட்டுக்காரர்களுக்கு வெளிநாட்டுக் கழகம் பிடித்துக் கொடுப்பவர். வேறொரு மாலைதீவுக் கழகத்தின் பயிற்சியாளர், இன்பாஸை எடுக்கலாமா என்று வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க வருகிறாராம்.

“தலையால எடுக்க மாட்டன் புள்ள. காலால விளையாடிக் காட்டுறன்” என்றான் இன்பாஸ்.

“தலையால அடிக்கிறதுக்குத்தானே உங்களக் கேக்கிறாங்க?”

அவன் குனிந்து சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஆட்டம் தொடங்கியது. ஹுஸ்னியா அபூதாஹிருக்குப் பின்வரிசையில் இருந்தாள். அவருக்குப் பக்கத்தில் அந்தப் பயிற்சியாளர். முதற்பாதியில் நல்ல பந்துகள் இன்பாஸின் தலைக்கு மேலால் வந்தன. அவன் குனிந்து விட்டுவிட்டான். சனம் கூவத் தொடங்கியது. பயிற்சியாளர் கைத்தொலைபேசியை எடுத்து நோண்டினார்.

“மாப்பிளைக்கு என்ன புள்ள, பயம் புடிச்சிட்டா?” என்று அபூதாஹிர் திரும்பிக் கேட்டார்.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. “இல்ல நானா” என்று அண்ணன் முறையில் அழைத்து, அதோடு நிறுத்திக்கொண்டாள். அபாயாவின் கைப்பகுதி அவள் பிடித்த பிடியில் கசங்கிப்போயிருந்தது.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஒரு கோர்னர் உதை. இன்பாஸ் நிமிர்ந்து அவள் இருந்த பக்கம் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். பந்து வளைந்து வந்தது. அவன் எழும்பினான். கோல் காப்பாளனும் எழும்பினான். பந்து வலைக்குள் போனதை மைதானமே பார்த்தது. காப்பாளனின் முழங்கை இன்பாஸின் காதோரத்தில் பட்டதை அவள்தான் பார்த்தாள்.

அவன் உடனே எழுந்துவிட்டான். சிரித்தான். பயிற்சியாளர் கைதட்டினார்.

“முடிஞ்சிது கதை. அடுத்த மாசம் பயணம்” என்றார் அபூதாஹிர்.

ஹுஸ்னியா அதைக் கேட்க நிற்கவில்லை. படியிறங்கிக் கோட்டோரம் ஓடினாள். கூட்டாளிகளின் கைகளிலிருந்து விடுபட்டு இன்பாஸ் அவளிடம் வந்தான்.

“நீ எப்ப வந்த? மெச் இன்னும் தொடங்கல்லயா?”

அவள் அவன் கையைப் பிடித்துப் புல்லில் இருத்தினாள். நடுவர் ஓடி வந்தார். பின்னால் அபூதாஹிரும் வந்தார்.

“இவருக்கு இனி விளையாட ஏலாது. இது மூணாவது அடி. டொக்டர் வேணாமெண்டவர். நாங்கதான் மறைச்ச. அம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்றாள்.

அபூதாஹிர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே அழைப்பெடுத்தார்.

ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். மாலைதீவுப் பேச்சு அதோடு நின்றது. நினைவு தெளிந்த இன்பாஸ் வெகுகாலம் அவளோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது மச்சானின் ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நிற்கிறான், தலைவலியும் குறைந்திருக்கிறது.

அந்தக் கோல் மட்டும் அவன் ஞாபகத்தில் இல்லை. சில பின்னேரங்களில் வந்து பக்கத்தில் இருந்து, “எப்படி அடிச்ச நான், சொல்லு புள்ள” என்று கேட்பான். அவள் பந்து வளைந்து வந்ததிலிருந்து சொல்வாள். சொல்லும்போதே அவன் முகத்தைப் பார்ப்பாள், ஆசையில் திரும்பக் கேட்கிறானா, நேற்றுச் சொன்னதை மறந்து கேட்கிறானா என்று.