பெரியம்மாள் நினைவாக

"வழியா?" என்று தெய்வசிகாமணி கேட்டபோது, பிசைந்த சோறு அவர் கையில் அப்படியே நின்றது. "இன்னா குடுக்கலாம்னு கேட்டுனு வரச் சொன்னா, எங்கிட்ட எதப் புடுங்கலாம்னு கேட்டுனு வந்திருக்க?"

மகள் செந்தமிழ்ச்செல்வி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். குழம்பு ஊற்ற வந்த மனைவி ராஜாம்பாளும் கரண்டியோடு நின்றுவிட்டாள். அந்த வீட்டில் அவர் சாப்பிடும்போது யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். புரட்டாசிக் கடைசியில் அவருடைய அம்மா பெரியம்மாளுக்கு முதல் தெவசம். வடக்குக் கழனிக் கரும்பில் வந்த பணம் முழுவதையும் அம்மா பெயரில் தர்மம் செய்வதென்று முடிவு செய்திருந்தார். தர்மம் என்றால் அவருக்கு உயிர். அதில் எழுதும் பெயர் என்றால் அதைவிட உயிர். அம்மன் கோயிலுக்கு அவர் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் அவர் பெயர் இருந்தது. சுற்றினால் படிக்க முடியாதே என்று சித்திரை வெயிலில்கூட அதைப் போட விடமாட்டார்.

இந்தத் தடவையும் காலனிக்குப் புடவை, கோயிலுக்கு ஒரு வளைவு என்றுதான் இருந்தார். கள்ளக்குறிச்சியில் ஆசிரியர் பயிற்சி படிக்கும் செல்விதான் குறுக்கே புகுந்தாள். வாங்குகிறவர்களைக் கேட்காமல் கொடுப்பது என்ன தர்மம், எது தேவை என்று விசாரித்துத் திட்டம் போட்டுச் செய்தால் நாலு தலைமுறைக்கு நிற்குமே என்றாள். நாலு தலைமுறை என்றதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அது பஸ் ஓடாத வாரம். அவருடைய சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் சாலை நெடுகப் புளியமரங்கள் வெட்டிக் கிடந்தன. கச்சிராயபாளையம் ரோட்டில் முதல் மரத்தில் கோடாலி வைத்தவரே தெய்வசிகாமணிதான். "நாங்க கேக்கறது பிச்ச இல்ல, பங்கு!" என்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்திருந்தார். படிக்கப் போக முடியாத செல்வி, அந்தச் சும்மா இருந்த நாளில் காலனிக்குப் போய்க் கேட்டாள்.

பதில் சொன்னவள் குஞ்சம்மாள். இவர்கள் கழனியில் களை வெட்டுகிறவள். "பொடவ வேணாம் பாப்பா. பொணம் போற வழிய வுடச் சொல்லு."

வடக்குக் கழனி வரப்போரம்தான் காலனிச் சனங்கள் சுடுகாட்டுக்குப் போன வழி. குஞ்சம்மாளின் மாமனாரும் அவர் அப்பனும் அப்படித்தான் போனார்கள். கரும்பு போட்ட வருஷம் அங்கே கம்பிவேலி வந்தது. அன்று முதல் பிணம் வாய்க்காலில் இறங்கித்தான் போகிறது. மழைக்காலத்தில் கழுத்தளவு தண்ணீர். மூன்று வருஷத்துக்கு முன் குஞ்சம்மாளின் புருஷனைத் தூக்கிப் போனபோது பாடை கை நழுவிவிட்டது. மதகில் சிக்கிய உடம்பை அவள்தான் காலைப் பிடித்து இழுத்தாள். இப்போது அவள் அண்ணன் சடையன் கரும்பு ஆலைக்கொட்டகையில் விழுந்து, இடுப்பொடிந்து படுத்திருக்கிறான். ஐப்பசி தாண்டமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். அவனையாவது தண்ணீரில் விடக்கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"வரப்போரம் ஆறடிதாம்ப்பா," என்றாள் செல்வி கடைசியில். "அவங்க கேக்கறதும் பிச்ச இல்ல."

தெய்வசிகாமணி தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனார்.

இரண்டு நாள் வடக்குக் கழனியையே சுற்றிச் சுற்றி வந்தார். வழி விடவும் மனசில்லை, கேட்டுவிட்டுக் கொடுக்காமல் போனார் என்ற பேச்சு வரவும் கூடாது. மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. பிணம் எடுக்கத்தானே கஷ்டம்? கள்ளக்குறிச்சிப் பட்டறையில் சொல்லி, நாலு சக்கரம் வைத்துக் கூரை போட்ட இரும்பு வண்டி ஒன்று செய்யச் சொன்னார். பச்சைப் பெயிண்ட். இரண்டு பக்கமும் மஞ்சளில், 'பெரியம்மாள் நினைவாக மகன் தெய்வசிகாமணி உபயம்'. மாமியார் பெயரையா பிண வண்டியில் எழுதுவது என்று ராஜாம்பாள் முணுமுணுத்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலை போட்டு, கைதட்டி, வண்டியைக் காலனியில் நிறுத்தினார்கள். இது எந்த வழியாகப் போகும் என்று கேட்ட ஒரே ஆள் செல்விதான். அவளையும் அதட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஐப்பசி அடைமழையில் சடையன் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் மழை விட்டதும் வண்டி கிளம்பியது. வாய்க்கால் பக்கம் திரும்பாமல், நேராக வடக்குக் கழனி வேலிக்கு வந்து நின்றது. தள்ளி வந்தவர்கள் சேற்றிலேயே குந்திவிட்டார்கள். சேதி கேட்டு தெய்வசிகாமணி செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தார். பின்னாலேயே செல்வியும் வந்தாள்.

வண்டியை விட்டுவிட்டுப் பிணத்தைத் தோளில் தூக்கிப் போங்கடா என்று சத்தம் போட்டார். யாரும் அசையவில்லை. குஞ்சம்மாள் மட்டும் எழுந்தாள். வண்டியின் மஞ்சள் எழுத்தைக் காட்டினாள்.

"இதுல அம்மா பேரு எழுதிக் கீது ஆண்டே. அத எப்பிடிங்க தண்ணில எறக்கறது?"

"அதுக்கு?"

"நிக்கட்டுங்க. நீங்க சொல்றவரைக்கும் நிக்கட்டும்."

"இன்னா, எங்கிட்டயே மறியலா?"

"அதுக்குப் பேரெல்லாம் தெரியாதுங்க. நீங்க ரோட்டுல குந்திக்கினு இருந்தத பாத்தோம்."

அவர் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி இறங்கிப் பார்த்தார்கள். வண்டியில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார்கள். பிறகு உள்ளே கிடந்த பிணத்தைப் பார்த்தார்கள். பெரியம்மாளே நாதியற்றுக் கிடப்பதுபோல் ஊர் படித்துக்கொண்டு போனது. உச்சிவெயில் ஏறியது, ஈ மொய்த்தது. செல்வி அவரிடம் ஒன்றும் கேட்காமல் வேலிக்குப் போய், முறுக்கின கம்பியை வெறுங்கையால் பிரிக்கத் தொடங்கினாள். விரலில் ரத்தம் வந்தது. அவர் தடுக்கவில்லை.

"எங்கம்மா பேருக்காவத்தான்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

சடையன் கால் நனையாமல் போனான். குஞ்சம்மாள் அப்போதுதான் அழுதாள்.

பிரித்த வேலியை அவர் மறுபடி கட்டவில்லை. ஆனால் பத்தாம் நாள் வரப்பின் தொடக்கத்தில் ஒரு தகரப் பலகை முளைத்தது. களை வெட்ட வந்த குஞ்சம்மாள் அதைப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று செல்வியிடம் கேட்டாள். செல்விக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் படித்தாள். 'இப்பாதை பெரியம்மாள் நினைவாக. மகன் தெய்வசிகாமணி உபயம்.'

"எங்க வழிய எங்களுக்கேவா?" என்றாள் குஞ்சம்மாள்.

தலையில் சும்மாடு கட்டியிருந்த ஈரத்துணியை அவிழ்த்தாள். இரண்டு உதறு உதறி, அந்தப் பலகைமேல் எழுத்து மறையக் காயப்போட்டுவிட்டு, களைவெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குள் இறங்கினாள்.